பணியில் இருக்கும் காவலரைப் படம் பிடித்தபோது: வேலூர் வட்டார அனுபவங்கள்

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து:

இலவம்பாடி முள் கத்தரிக்காயை விடியற்காலையில் வேலூர் மார்க்கெட்டுக்கு ஏற்றிச் செல்லும் எங்கள் குட்டி யானையைச் சில மாதங்களுக்கு முன் வாகனச் சோதனைக்காக நிறுத்தினார்கள். ஓட்டியவன் என் தம்பி. ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தன. அவன் அவற்றைத் திறந்து காட்டியபோது, ஒரிஜினல் இல்லையென்றால் வண்டியை ஓரங்கட்டு என்று சொன்ன காவலர், சற்று நேரத்தில் குரலைத் தாழ்த்தி, ரசீது இல்லாமல் ஒரு தொகையைக் குறிப்பிட்டார். ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டினால் போதும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 2018-லேயே திருத்தப்பட்டுவிட்டன என்பதை எடுத்துச் சொன்னேன். அப்படியானால் மூட்டைகளை எல்லாம் இறக்கிக் காட்டுங்கள் என்றார். ஏலம் முடிவதற்குள் காய் மண்டியில் இறங்காவிட்டால் எங்கள் பாடு என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் கைப்பேசியில் பதிவைத் தொடங்கினேன். மறைத்து எடுக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி, சாலையோரப் புளியமரத்தடிக்கு விலகி நின்று, “சார், நான் வீடியோ எடுக்கிறேன், உங்கள் வேலைக்குக் குறுக்கே வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டே எடுத்தேன். அவருடைய பெயர்ப்பட்டை ஸ்வெட்டருக்குள் மறைந்திருந்தது. டார்ச்சை நேராக லென்ஸின் மீது அடித்தபடி நெருங்கி வந்தவர், யூனிஃபார்மில் இருக்கும் போலீஸைப் படம் எடுப்பதே குற்றம், போனைக் கொடு என்று கையை நீட்டினார். “எந்தப் பிரிவின்படி என்று சொல்லுங்கள் சார், பறிமுதல் செய்வதாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அதற்குள் ஜீப்பிலிருந்து இறங்கி வந்த எஸ்.ஐ., தம்பியின் போனில் இருந்த ஆவணங்களை வண்டி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

பொது இடத்தில் கடமையில் இருக்கும் காவலரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் பிரிவு எதுவும் நம் சட்டத்தில் இல்லை. நம்மீது பாயக்கூடியவை வேறு: அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாகச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவும், அவர்மீது கைவைத்ததாகச் சொல்லும் 132-ஆம் பிரிவும்தான், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவை 186, 353 என்று இருந்தன. ஆகவே எட்ட நிற்பது, குரலை உயர்த்தாமல் இருப்பது, சொல்லிவிட்டு எடுப்பது ஆகிய மூன்றும் வெறும் மரியாதைக்காக அல்ல, அந்தப் பிரிவுகளுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதற்காக. பக்கத்து மாநிலத்தில் இந்த இழுபறிக்கே வழியில்லாமல் செய்திருக்கிறார்கள். காவல் துறையின் நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டப்படி ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்வதை எந்தக் காவலரும் தடுக்கக் கூடாது என்று கேரளக் காவல் சட்டம், 2011-இன் 33-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படி ஒரு வரி தமிழ்நாட்டுச் சட்டத்திலும் ஏறவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வாலாஜாபேட்டையிலிருந்து:

அணைக்கட்டு அண்ணன் எழுதியது சாலையில் நடந்தது; எனக்கு நேர்ந்தது காவல் நிலையத்துக்குள். ஓர் அடிதடி விவகாரத்தில் என் மகனை விசாரணைக்கு அழைத்து, மாலை வரை அனுப்பாமல் வைத்திருந்தார்கள். எதற்காக என்று கேட்டபோது கிடைத்த பதிலை நான் போனில் பதிவு செய்ய, நிலையம் தடை செய்யப்பட்ட இடம், ரகசியச் சட்டத்தில் கேஸ் போடுவோம் என்றார்கள். பிள்ளை உள்ளே இருக்கிறானே என்ற பயத்தில் நிறுத்திவிட்டேன். அன்றிரவே அவனை அனுப்பிவிட்டார்கள்.

அந்த மிரட்டலுக்கு அடிப்படை இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வார்தாவில் ஒரு காவல் நிலையத்தில் நடந்த பேச்சைப் பதிவு செய்தவர்மீது போடப்பட்ட வழக்கை, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-இல் ரத்து செய்தது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடங்களில் காவல் நிலையம் வராது என்பதே அந்தத் தீர்ப்பு. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான் என்பதால் இங்கேயும் எடுத்துக்காட்டலாம். நிலையத்துக் கேமராவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்குச் சாத்தான்குளமே சாட்சி. 2020 ஜூனில் தந்தையும் மகனும் உயிரிழந்த அந்த வழக்கில், சிசிடிவி பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியுடன் கூடிய கேமரா இருக்கவேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்களுக்குப் பாதுகாக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தொரப்பாடியிலிருந்து, ஓய்வு பெற்ற காவலர்:

திருவிழாக் கூட்டத்தில் ஒருவரை அடித்துவிட்டதாக என்னுடன் பணியாற்றியவர்மீது புகார் வந்தபோது, பொரிகடைக்காரர் ஒருவர் எடுத்திருந்த வீடியோதான் அவரைக் காப்பாற்றியது. அந்த மனிதர் தானாகத் தடுக்கி விழுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதனால் கேமராவைக் கண்டு பயப்படவேண்டாம் என்று இளைய காவலர்களிடம் இன்றும் சொல்கிறேன். உங்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண், சிறுவர், சிறுமியர் ஆகியோரின் முகமோ பெயரோ தெரியும்படி எதையும் வெளியிடாதீர்கள். அதைச் சட்டம் தண்டிக்கிறது, தண்டிக்கவும் வேண்டும்.

சத்துவாச்சாரியிலிருந்து, வழக்கறிஞரின் குமாஸ்தா:

நீதிமன்ற வளாகத்துக்கு வருகிறவர்களில் பலர், தாங்கள் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பி அங்கிருந்து திரும்பி வந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அசலை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டு நிற்கிறார்கள். வாட்ஸ்அப் வழியாகப் போகும் வீடியோ சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம் உள்ளிட்ட விவரங்களும் அதில் தங்குவதில்லை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில், பதிவு எந்தக் கருவியில் இருந்தது என்பதையும், அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாள எண்) எழுதவேண்டும். ஒரு பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவரும், மறு பகுதியில் வல்லுநரும் கையெழுத்திடுகிறார்கள். சுருக்கப்பட்ட நகலின் ஹேஷ் மதிப்பு அசலோடு ஒருபோதும் ஒத்துவராது. ஆகவே எடுத்த வீடியோவை வெட்டாமல், அதன்மேல் எழுத்தோ பாட்டோ சேர்க்காமல், எடுத்த போனிலேயே வைத்திருங்கள். போன் பழசாகிவிட்டது என்று எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

திருப்புவனம் அருகே மடப்புரத்தில், கோயில் காவலாளி அஜித்குமார் 2025 ஜூனில் காவலர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அந்தத் தாக்குதலை மறைவாக நின்று ஒருவர் எடுத்த சிறு வீடியோ, சில நாட்களிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிற்று. வழக்கும் பின்னர் சிபிஐயிடம் சென்றது. வீடியோ எடுத்தவர் முன்னே வந்து சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அந்தப் பதிவே நமக்குக் கிடைத்திருக்காது. அணைக்கட்டு அண்ணன் சொல்வதுபோல் சொல்லிவிட்டு எடுப்பது வாகனச் சோதனைக்குப் பொருந்தும். ஓர் உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் ஒளிந்து எடுப்பதே சரி என்பது என் கருத்து.

புகார் கொடுப்பவர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் எழுதவேண்டும், அதைத் தாண்டிய விவகாரத்தை ஆணையம் விசாரிக்க முடியாது.