வண்ணப்பூச்சுத் தூரிகை: முனையா, கலவையா?

மைத்தடம்:
கணினி ஓவிய மென்பொருளில் எண்ணெய் வண்ணம் போலத் தீட்டும் தூரிகையை உருவாக்கப் பலரும் ஒரே வழியைச் சொல்கிறார்கள்: உண்மையான தூரிகையால் தாளில் ஒரு தீற்றல் இட்டு, அதை ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி முனையாக வைத்துக்கொள்வது. உழைப்பைத் தவறான இடத்தில் கொட்டும் வழி இது. மென்பொருள் முனையின் படத்தை முத்திரைபோல் அடுத்தடுத்துக் குத்திக்கொண்டே போகிறது. ஸ்பேசிங், அதாவது முத்திரைகளுக்கு இடையிலான தூரம், முனையின் அகலத்தில் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பாடுபட்டு எடுத்த இழைகள் எல்லாம் கரைந்து வெறும் பட்டையாகின்றன. கூட்டினாலோ ஒரே படம் திரும்பத் திரும்ப வருவது கண்ணை உறுத்துகிறது. வண்ணப்பூச்சின் உயிர், இடும் வண்ணம் அடியிலுள்ள வண்ணத்தோடு சேரும் கலவையில் இருக்கிறது, முனையில் இல்லை.

இழைக்கோடு:
நீங்கள் சொல்லும் குறை முனையின் குறையன்று, முனையாக எதை எடுத்தோம் என்பதன் குறை. தீற்றலை ஸ்கேன் செய்யக் கூடாது; தூரிகையை நிமிர்த்தித் தாளில் ஒரு முறை ஒற்றியெடுத்தால் கிடைக்கும் புள்ளிக் கூட்டத்தைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிர்க்கற்றையின் நுனி. ஸ்பேசிங் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தெளிவாக அப்புள்ளிகள் இணைகோடுகளாக நீள்கின்றன. முனையின் கோணத்தைக் கோட்டின் திசையோடு இணைத்துவிட்டால் வளைவிலும் அந்த இழைகள் குலையாமல் திரும்பும்.

நீர்நிறம்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் முனைப் படத்தின் கறுப்புதான் வண்ணம் இடும், ஐபேட் ஓவியச் செயலியான புரோகிரியேட்டில் வெள்ளை இடும். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகிறவர்கள் படத்தின் கறுப்பையும் வெள்ளையையும் இடம்மாற்ற மறந்துவிட்டு முனையைக் குறை சொல்வதுண்டு.

மைத்தடம்:
புள்ளிக் கூட்டம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், இழைக்கோடு. ஆனால் அந்த இழைகள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிறத்தில் ஓடினால் அது சீப்பால் கீறியது போலத்தானே இருக்கும்? உண்மையான தூரிகை போகப்போக வண்ணத்தை இழக்கிறது, அடியில் ஈரமாக இருப்பதை அள்ளிக்கொள்கிறது. ஃபோட்டோஷாப் 2010-இல் சிஎஸ்5 பதிப்பில் வண்ணங்களைக் கலக்கும் மிக்ஸர் பிரஷ்ஷைக் கொண்டுவந்ததும், கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் அடி வண்ணத்தை இழுத்துக் கலக்கும் கலர் ஸ்மட்ஜ் எஞ்சின் தனியாக இருப்பதும் இதற்காகத்தான். கிரிட்டாவில் கலர் ரேட்டை, அதாவது தூரிகை புது வண்ணம் இடும் அளவை, கோடு கடந்த தூரத்தோடு இணைத்துப் பாருங்கள். சாதாரண வட்ட முனைகூட வண்ணம் தீர்ந்துபோவதை உணர்த்தும்.

இழைக்கோடு:
கலவையையே முழுதாக நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முழு நீலமும் முழு மஞ்சளும் திரையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளான ஆர்ஜிபி கணக்கில் சமமாகக் கலந்தால் 128, 128, 128 என்ற சாம்பல்தான் கிடைக்கும். தட்டில் கலக்கும் ஓவியர் எதிர்பார்ப்பதோ பச்சை. குபெல்கா, முங்க் இருவரும் 1931-இலேயே நிறமிகள் ஒளியை உறிஞ்சிச் சிதறடிப்பதற்குச் சமன்பாடு தந்துவிட்டார்கள். மைபெயிண்ட் என்ற ஓவிய மென்பொருள் 2020-இல் வந்த தன் 2.0 பதிப்பில் நிறமிகளைப் போலவே கலக்கும் நிறமாலை வழிக் கலவையைச் சேர்த்தது. அத்தகைய கலவை இல்லாத மென்பொருளில் ஸ்மட்ஜை உயர்த்த உயர்த்தப் படம் சேறாகிறது. மேலும், உலர்ந்த தூரிகைத் தீற்றலில் கலவைக்கு இடமே இல்லை. அங்கே பேனா அழுத்தத்தை வண்ணத்தின் அடர்த்தியான ஓப்பாசிட்டியோடு இணைக்காமல், ஓவியத் துணியின் மேடுபள்ளமான டெக்ஸ்ச்சரின் ஆழத்தோடு இணைக்க வேண்டும்: மெல்லத் தொட்டால் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும், அழுத்தினால் பள்ளங்களும் நிரம்பும். இது முழுக்க முழுக்க முனையும் தளமும் செய்யும் வேலை.

மைத்தடம்:
உலர் தீற்றலை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். நீங்கள் சொன்னபடி புள்ளி முனை ஒன்றை வரைந்து, அடி வண்ணம் இழுபடும் ஸ்மட்ஜ் நீளத்தை அரைப்பங்குக்கும் குறைவாக வைத்து ஒரு முகத்தைத் தீட்டினேன். தாடையோரத்தில் இழைகள் அழகாகத் திரும்பின. கன்னத்தில் ஒளியும் நிழலும் சேரும் இடத்தில் மட்டும் அதே இழைகள் கோடுகோடாக நின்று தொல்லை தந்ததால், அங்கே வட்ட முனைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கன்னத்துக்கு நீங்கள் என்ன அமைப்பு வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அதையும் தீட்டிப் பார்த்துவிட்டே என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.