ஆகஸ்டில் பாராபோல் ராஃப்டிங்: அதற்குமுன் பாலாற்றில் பழகலாமா?

குடியாத்தம் வாசகர்:
வணக்கம். நண்பர்கள் நால்வர் வரும் ஆகஸ்டில் குடகிலுள்ள பாராபோல் ஆற்றில் ராஃப்டிங் (பாய்ந்தோடும் ஆற்றில் ரப்பர் படகுப் பயணம்) செல்லத் திட்டமிட்டுள்ளோம். அனைவரும் கழனிக் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். ஓடும் ஆற்றில் இறங்கியதில்லை. இடையில் பாலாற்றில் தண்ணீர் வந்தால் தடுப்பணைக்குக் கீழே பழகிக்கொள்ளலாமா, அல்லது பாராபோலை விட்டுவிட்டு ரிஷிகேஷுக்கே போய்விடலாமா?

காட்பாடியிலிருந்து:
தடுப்பணை யோசனையை இன்றே கைவிடுங்கள். அணையைத் தாண்டி விழும் நீர் அடிவரை சென்று, சற்றுத் தள்ளி மேலெழுந்து, மேற்பரப்பு வழியாக மீண்டும் அணையை நோக்கியே திரும்புகிறது. அதில் அகப்பட்டவரை, லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தாலும், அது உருட்டிக்கொண்டே இருக்கும். பாறையின் பின்னால் உண்டாகும் சுழலிலிருந்து பக்கவாட்டில் விலக வழி இருக்கும். கரைக்குக் கரை நேராகக் கட்டிய சுவரின் கீழே அதுவும் இராது. பார்வைக்கு அது அமைதியாகத் தெரிவதுதான் பெரிய ஆபத்து. 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. ரிஷிகேஷும் ஆகஸ்டுக்குப் பொருந்தாது. மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் அங்கே கங்கையில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள்.

இராணிப்பேட்டையிலிருந்து:
மேலே சொன்னது முற்றிலும் சரி. நானும் கிணற்று நீச்சலை நம்பி பாராபோலுக்குச் சென்றவன்தான். படகிலிருந்து விழுந்ததும், இடுப்பளவு நீர்தானே என்று காலூன்றி நிற்க முயன்றேன். வழிகாட்டி அலறியே விட்டார். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னாலிருந்து தள்ளும் நீர் ஆளை முகங்குப்புறச் சாய்த்து அமுக்கிவிடும் என்பதைக் கரையேறிய பிறகே விளக்கினார். மல்லாந்து படுத்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை மேற்பரப்பிலேயே வைத்திருக்க வேண்டும். கிணறு இதைக் கற்றுத்தராது. பாராபோலில் கிரேடு 4 வரையிலான, அதாவது ஆறு படிக் கடின அளவில் நான்காம் படி வரையிலான, பாய்ச்சல்கள் உண்டு. ஆகவே முதல் நாள் குடகிலேயே உள்ள துபாரேயில் காவிரியின் மிதமான ஓட்டத்தில் துடுப்புப் போட்டுப் பாருங்கள். நால்வரில் ஒருவர் தயங்கினாலும் அத்துடன் திரும்பிவிடலாம், அதில் வெட்கமில்லை.

குடியாத்தம் வாசகர்:
இருவருக்கும் நன்றி. துபாரேயில் தொடங்குகிறோம். எங்களில் ஒருவர் கண்ணாடி அணிபவர். கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டுமா?

இராணிப்பேட்டையிலிருந்து:
வேண்டாம். பின்தலையோடு இறுக்கிக் கட்டும் கயிற்றுடன் அணியட்டும். வழிகாட்டியின் கைச்சைகை தெரிய வேண்டுமல்லவா.