புதிய பீடச் சிறுவர்கள் பூசையில் பயந்து நிற்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி (சனிக்கிழமை வாத்தியார்):
எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசையின்போது ஃபாதருக்கு உதவி செய்யும் பீடச் சிறுவர்களைப் பழக்கும் வேலை இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. எட்டுப் பையன்கள், எல்லோரும் புதுநன்மை (முதல் முறையாக நற்கருணை) வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். சனிக்கிழமை பயிற்சியில் பிசகே இல்லை. ஞாயிறு கூட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகிறது. போன வாரம் ஒருவன் நற்செய்தி வாசகம் முடிந்தவுடனேயே, நேரம் வருவதற்கு முன்பே, மணியை அடித்துவிட்டான். பூசைக்குப் பிறகு ஒரு பெரியவர் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினார். இந்த வாரம் பையன் வரவில்லை. அவனை எப்படித் திரும்ப அழைத்து வருவது?

பதில் (பழைய மணிக்காரன்):
முதலில் அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். மணியைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

அப்புறம், மணியை வார்த்தையை வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்களா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நற்கருணை மன்றாட்டு (அப்பத்தையும் இரசத்தையும் வைத்து ஃபாதர் சொல்லும் ஜெபம், பல வகை உண்டு) மாறினால் வார்த்தை மாறும், பையன் தொலைந்துபோவான். கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபாதர் இரண்டு கைகளையும் காணிக்கைகள் மேல் நீட்டினால் ஒரு முறை. அப்பத்தை உயர்த்தும்போது, பிறகு கிண்ணத்தை உயர்த்தும்போது. எந்த மன்றாட்டிலும் இது மாறாது. மணி தவறினால் பூசை செல்லாமல் போவதில்லை என்பதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும்.

ஒரு மாதத்துக்கு ஒருவனுக்கு ஒரே வேலை. பயிற்சியில் இரசக் குப்பியையும் தண்ணீர்க் குப்பியையும் நிரப்பியே கொடுங்கள். வெறும் குப்பியைத் தூக்கிப் பழகிய கை ஞாயிறன்று நிறைந்த குப்பியோடு நடுங்கும். கைப்பிடி ஃபாதர் பக்கம் இருக்க வேண்டும். இதை நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

பதில் (தூபக்கலசம்):
புதியவர்கள் கையில் தூபக்கலசம் (தணல் போட்டுச் சங்கிலியில் ஆட்டும் கலசம்) வேண்டவே வேண்டாம். புதியவன் சாம்பிராணிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கலசம் ஆட்டும் அண்ணன் பக்கத்தில் நிற்கட்டும், பார்த்தே பழகிவிடுவான்.

இன்னொன்று. சில பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுகிறார்கள். உபவாசம் நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம்தான். காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள்.

பதில் (நீலக்குடை):
எட்டும் பையன்களா? பெண் பிள்ளைகளையும் அனுமதிக்கலாம் என்று 1994-லேயே ரோமிலிருந்து கடிதம் வந்துவிட்டது. முடிவு ஆயருடையது, உங்கள் ஃபாதரிடம் கேட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அந்தத் தாத்தா இருப்பாரா?" என்று மட்டும் கேட்டான். இருப்பார், ஆனால் நான் உன் பக்கத்திலேயே நிற்பேன் என்றேன். இந்த ஞாயிறு அவனுக்கு மெழுகுவர்த்திதான். பெரியவரிடம் பேசுவதுதான் எனக்கு இன்னும் பாக்கி, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.