12 வோல்ட் பேக்கப் சப்ளைக்கு கெபாசிட்டரைப் பெருசாக்கவா, சோக் போடவா?

உசிலை பால் மையம்:
அண்ணன்மாருக்கு வணக்கம். உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர் பால் மையத்துல பால் சோதிக்கிற மிஷின், எடை மிஷின், பில் பிரிண்டர், ரெண்டு எல்இடி லைட்டு எல்லாமே ஒரே 12 வோல்ட் பேட்டரி லைன்ல ஓடுது. பேட்டரி 100 ஏஎச், வாங்கி நாலு வருசம் ஆச்சு. சார்ஜர் பழைய மாடல். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசிய டிசி ஆக்குற டையோடு பிரிட்ஜ், 10,000 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் ஒண்ணு, அதுக்குப் பின்னாடி வோல்ட்டேஜ ஒரே அளவா நிறுத்துற 13.6 வோல்ட் ரெகுலேட்டர். காலைல எல்லாம் ஓடுறப்ப சார்ஜிங்கும் சேத்து 6 ஆம்பியர், மத்த நேரம் 0.6.

சித்திரை பொறந்ததும் கெபாசிட்டர் தலை உப்பிருச்சு. அதுக்கு முன்னாடியே ஒரு கோளாறு இருந்துச்சு. ஒரே பாலை ரெண்டு தடவை வச்சா கொழுப்பு 4.1ன்னும் வருது, 4.4ன்னும் வருது. பால் ஊத்துற அக்காமாருக்குக் காசு அந்த நம்பர்லதான். அதனால ஒப்பேத்துற வேலை வேண்டாம். கெபாசிட்டரைப் பெருசாக்கவா, இல்ல கரண்ட்ட சீராக்குற சோக்குங்கிற கம்பிச் சுருள் போடவா, என்ன அளவு போடணும்னு கணக்கோட சொல்லுங்க.

திருநகர் ரிட்டயர்டு:
தம்பி, கணக்கு எளிது. பிரிட்ஜுக்குப் பின்னாடி 50 ஹெர்ட்ஸ் 100 ஆகிவிடும். அதாவது 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை கெபாசிட்டர் நிரம்பும். இடைப்பட்ட நேரத்தில் லோடு முழுவதையும் அதுதான் தாங்க வேண்டும். ஆம்பியரை 0.01ஆல் பெருக்கி, எத்தனை வோல்ட் இறங்கலாமோ அதால் வகுத்தால் கெபாசிட்டர் அளவு வந்துவிடும். 15 வோல்ட்டின் உச்சம் 21, டையோடு இரண்டுக்கும் 2 போக 19. ரெகுலேட்டர் வேலை செய்ய 16 வேண்டும். மிச்சம் 3. ஆக 6 × 0.01 / 3 = 20,000 மைக்ரோ ஃபாரட். உங்களிடம் இருப்பது அதில் பாதி. 4,700 நாலு போடுங்கள், தீர்ந்தது. சோக் என்பது வால்வு ரேடியோ காலத்துச் சரக்கு. எடையும் கூட, விலையும் கூட.

செல்லூர் வைண்டிங்:
தீராது சார். நீங்க போட்ட கணக்கு 230 வோல்ட்டுக்கு. காலைல பம்புசெட் ஓடுற நேரம் உசிலம்பட்டி பக்கம் 230 எங்க வருது? 200ன்னு வச்சுப் போடுங்க. 15 வோல்ட் 13 ஆயிரும். உச்சம் 18.4, டையோடு போக 16.4. இறங்குறதுக்கு இருக்கிற இடமே 0.4 வோல்ட்டுதான். உங்க கணக்குப்படியே ஒன்றரை லட்சம் மைக்ரோ ஃபாரட் வேணும். அவ்வளவு கெபாசிட்டரை எங்க வைக்கிறது?

தம்பி, இத்தனை நாளா உன் பேட்டரிதான் ஃபில்டர் வேலையும் பாத்திருக்கு. சார்ஜர் ஒவ்வொரு 10 மில்லி செகண்டுலயும் கொஞ்ச நேரம் செத்து எந்திரிக்குது, அந்த இடைவெளிய பேட்டரி அடைக்குது. புதுசுல அது தெரியாது. வயசாகி உள் ரெசிஸ்டன்ஸ் கூடுனதும் அந்த ஆட்டம் அப்படியே லைன்ல வந்துரும். மிஷின் தப்பா அளக்குறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

திருநகர் ரிட்டயர்டு:
தாழ் வோல்ட்டேஜை நான் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது, சோக்கில் இல்லை. 18 வோல்ட்டாக மாற்றினால் 200 வந்தாலும் 20 வோல்ட் கிடைக்கும். இறங்க 4 வோல்ட் இடம், 15,000 மைக்ரோ ஃபாரட் போதும். நாலு 4,700 சேர்ந்து 18,800, தாராளம். ஒன்று மட்டும் முக்கியம், 25 வோல்ட் கெபாசிட்டர் கூடாது. ராத்திரி லைன் 250 ஏறினால் அங்கே 26 வந்து நிற்கும். 50 வோல்ட் போடுங்கள்.

கப்பலூர் பேனல்:
தலை உப்புனதுக்கு வோல்ட்டேஜ் மட்டும் காரணம் இல்லீங்க. கெபாசிட்டர் நேரா பிரிட்ஜ்ல உக்காந்தா கரண்ட் சீரா வராது, உச்சத்துல மட்டும் குத்து குத்தா வரும். 6 ஆம்பியர் டிசிக்கு கெபாசிட்டர் வழியா ஓடுற ரிப்பிள் கரண்ட் (ஏறி இறங்குற ஆட்டக் கரண்ட்) 8 ஆம்பியர் பக்கம் இருக்கும். ஒத்தைக் கெபாசிட்டர் பெரும்பாலும் அதுல பாதியத்தான் தாங்கும். அந்தச் சூட்டோட கத்திரி வெயில், தகரக் கூரை. எலெக்ட்ரோலிட்டிக் 10 டிகிரி கூடுனா ஆயுசு பாதி. நாலா பிரிச்சா ஆளுக்கு 2 ஆம்பியர்தான். அதனால நாலு போடுங்கங்கிறதுல நான் சார் பக்கம். ஆனா டிரான்ஸ்ஃபார்மரும் அதே குத்தை வாங்கும். செகண்டரி கம்பி (வெளிய வர்ற பக்கத்துச் சுருள்) 6 ஆம்பியருக்குன்னு சுத்துனா வெந்துரும், 10க்கு மேல கணக்கு வைக்கணும். 18 வோல்ட்டுக்கு 190 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குனது) ஆச்சு.

செல்லூர் வைண்டிங்:
அதத்தான் சொல்ல வந்தேன். சோக் முன்னாடி போட்டா கரண்ட் சீரா ஓடும், செகண்டரிக்கு 6 ஆம்பியர் கம்பியே போதும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டுல சராசரி 0.9 மடங்குதான் கிடைக்கும்கிறதால 24 வோல்ட் சுத்தணும். அப்பவும் 144 விஏதான். லைன் 200க்கு இறங்கினா டையோடு, சோக் கம்பி ரெண்டும் தின்னது போக 16.2 நிக்கும், மயிரிழைதான். ஆனா 250 ஏறும்போது ரெகுலேட்டர் சூட்டைப் பாருங்க. சார் டிசைன்ல 60 வாட்டுக்கு மேல, இதுல 44. தகரக் கூரைக்குக் கீழ அந்த வித்தியாசம் சாதாரணமா?

திருநகர் ரிட்டயர்டு:
0.6 ஆம்பியரில் உங்கள் சோக் என்ன செய்யும் என்று சொல்லவில்லையே. கரண்ட் இடைவிடாமல் ஓடினால்தான் அந்த 0.9. 50 ஹெர்ட்ஸில் சோக்குக்கு வேண்டிய குறைந்தபட்ச இண்டக்டன்ஸ் (ஹென்றியில் சொல்லும் சோக்கின் அளவு) என்பது லோடு ரெசிஸ்டன்ஸை 943ஆல் வகுத்தது. 6 ஆம்பியரில் 3.5 மில்லி ஹென்றி போதும். 0.6இல் 34 வேண்டும். அது இல்லாவிட்டால் வோல்ட்டேஜ் உச்சத்தை நோக்கி ஏறி, 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் 34 வரை போகும். லைன் 250 ஆனால் 37. ராத்திரி பூராவும் அந்த மையத்தில் 0.6தான் ஓடுகிறது.

உசிலை பால் மையம்:
அண்ணே, அப்ப 10 மில்லி ஹென்றி சோக் போட்டு, ஒரு ரெசிஸ்டர் வச்சு எப்பவும் 2 ஆம்பியர் ஓடுற மாதிரி செஞ்சா?

கப்பலூர் பேனல்:
செய்யலாம். கூடுதலா 1.4 ஆம்பியர், 19 வோல்ட்டு, 27 வாட். நாள் முழுக்க ஓடுனா 0.64 யூனிட் வீணாப் போகும். அதோட பேட்டரி பக்கத்துல ஒரு அடுப்பு.

செல்லூர் வைண்டிங்:
ரெசிஸ்டர் வேண்டாம். ஸ்விங்கிங் சோக் சுத்தித் தர்றேன். ஈ தகடு எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடு மறு பக்கம், நடுவுல பேப்பர் இடைவெளி. அந்த இடைவெளி தடிமனா இருந்தா 6 ஆம்பியர்லயும் அளவு மாறாது, ஆனா 34 மில்லி ஹென்றிக்கு கோர் ஆட்டுக்கல் கணக்கா வரும். இடைவெளிய மெலிசா வச்சா 0.6ல 34 இருந்து, லோடு ஏற ஏற 5க்கு இறங்கும். ரெண்டு முனையிலயும் தேவை தீந்துரும். இடைவெளியே விடாம தகடை மாத்தி மாத்தி அடுக்குனா மட்டும் கோர் சாச்சுரேட் ஆகி, அதாவது காந்தம் நிரம்பி, சோக் வெறும் கம்பியாயிரும். என்கிட்ட வர்ற கெட்ட சோக்குல பாதி இந்தக் கேஸ்தான்.

கப்பலூர் பேனல்:
சோக் இருக்கேன்னு கெபாசிட்டரைக் குறைச்சுராதீங்க. ஒருத்தர் 5 மில்லி ஹென்றி சோக்குக்கு 470 மைக்ரோ ஃபாரட் வச்சிருந்தார். அதோட ரெசொனன்ஸ், அதாவது ரெண்டும் சேந்து தானா ஆடுற வேகம், 104 ஹெர்ட்ஸ், நம்ம ரிப்பிளோ 100. இறங்க வேண்டிய ரிப்பிள் ஏறிக் குதிச்சுச்சு. 10,000 போட்டதும் ரெசொனன்ஸ் 22 ஹெர்ட்ஸுக்குப் போய் அடங்குச்சு.

உசிலை பால் மையம்:
இன்னைக்கு காலைல ஆறே முக்காலுக்கு மீட்டர் வச்சுப் பாத்தேன். லைன் 196. பேட்டரியில ஏசி ரேஞ்ச் வச்சா 0.4 வோல்ட் ஆடுது. சார்ஜர கழட்டிட்டு, பேட்டரிய மட்டும் வச்சு ஒரே பாலை மூணு தடவை அளந்தேன். மூணும் 4.2.

திருநகர் ரிட்டயர்டு:
அப்படியென்றால் மிஷினில் குறை இல்லை, ரிப்பிள்தான். 196 என்றால் 18 வோல்ட்டிலும் எனக்கு இடம் சுருங்குகிறது, ஆனாலும் நாலு கெபாசிட்டர் தாங்கும். சோக் டிசைனில் 16.2 என்ற மயிரிழை 196இல் அறுந்துவிடும். செல்லூர்க்காரர் 26 வோல்ட்டுக்குத் தனி முனை (டேப்) வைக்காமல் சுத்தக் கூடாது. பழைய பேட்டரியை மாற்றாமல் இரண்டில் எதையும் போடாதீர்கள்.

செல்லூர் வைண்டிங்:
24, 26 ரெண்டு டேப்பும் வைக்கிறேன். ஆனா சோக்க விட்டுக் கொடுக்க மாட்டேன் சார். கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல, வர்றப்பல்லாம் 18,800 மைக்ரோ ஃபாரட் ஒரே இழுப்புல நிரம்பினா பிரிட்ஜ் எத்தனை நாள் தாங்கும்? தம்பி, சனிக்கிழமை டிரான்ஸ்ஃபார்மர கழட்டி எடுத்துட்டு வா, அதே கோர்லயே சுத்த முடியுமான்னு பாப்போம்.