ஞாயிறு காலை பத்தரைக்குச் சென்னையில் குடும்பத்தோடு எங்கே சாப்பிடலாம்?

விஜயநகர்வாசி கேட்டது:

வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுல ஆறு பேரும் வெளியே சாப்பிடலாம்னு இருக்கோம். காலை டிபன், மதியச் சாப்பாடு ரெண்டையும் ஒரே வேளையா முடிச்சுக்கணும். பத்தரைக்கு உட்கார்ந்தா பன்னண்டரை, ஒரு மணி வரைக்கும் அவசரம் இல்லாம சாப்பிடணும். வேளச்சேரியிலேர்ந்து கிளம்புறோம்.

அம்மாவுக்கு 72 வயசு. சர்க்கரை இருக்கு, முட்டிவலியும் உண்டு, சைவம் மட்டும்தான். பசங்க ரெண்டு பேர், 5 வயசு, 11 வயசு. மத்தவங்க எல்லாமே சாப்பிடுவோம்.

மனசுல இருக்கறது ரெண்டு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய டிபன் இடங்கள். இல்லேன்னா ஸ்டார் ஹோட்டல் பஃபே. எதுக்கு எத்தனை மணிக்குப் போகணும், பில் எப்படி வரும், எதுல ஏமாந்து போவோம்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாடவீதி:

இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பத்தரை மணியை மாற்றுங்கள். சென்னையில் சமையற்கட்டு டிபனிலிருந்து சாப்பாட்டுக்குக் கைமாறுகிற நேரம் அதுதான். பழைய மெஸ்களில் மாவு முந்தின நாளே ஆட்டிப் புளிக்க வைத்தது. அந்த அளவு தீர்ந்தால் தீர்ந்ததுதான். அவசரத்துக்கு ஆட்டி ஊற்ற முடியாது. பத்து மணியை ஒட்டி அடுப்புகள் சோறு, குழம்பு, கூட்டு என்று போய்விடும், தோசைக்கல்லும் ஆறத் தொடங்கும்.

அந்த நேரத்தில் கிடைப்பது எப்படி இருக்கும் என்றால்: இட்லி ஹாட்பாக்ஸில் இருந்து இருந்து வியர்த்து, மேலே ஈரமும் உள்ளே இறுக்கமுமாக இருக்கும். பொங்கல் நேரம் ஆக ஆக இறுகும், நெய் மேலே படலமாக நிற்கும். வடை கடைசி ஈடாக இருந்தால் எண்ணெய் சூடு குறைந்தபோது போட்டதாக இருக்கக்கூடும். விரலால் அழுத்தினால் எண்ணெய் கசியும். வடை ஆர்டர் செய்யும் முன் "அடுத்த ஈடு எப்போ?" என்று கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் என்றால் காத்திருப்பது மேல்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இருக்கிறது. கெட்டிச் சட்னிக்கும் நெய் ரோஸ்டுக்கும் பேர் போன இடம். கூடம் சின்னது, உட்கார வைப்பது பந்தி பந்தியாக, காத்திருப்பது தெருவில். ஞாயிறு எட்டரைக்குள் அங்கே நிற்க முடியும் என்றால் போங்கள். முட்டிவலியோடு அம்மா நிற்க முடியாது என்றால், ஒருவர் முன்னால் போய்ப் பேர் சொல்லிவிட்டு மற்றவர்களை வண்டியிலேயே இருக்கச் சொல்வதுதான் வழி. ஆறு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கேட்டால் தாமதமாகும். மூன்று மூன்றாகப் பிரிந்தால் சீக்கிரம் கூப்பிடுவார்கள்.

திருவல்லிக்கேணி ஹைரோட்டில் 1948இல் தொடங்கிய ரத்னா கஃபே கொஞ்சம் தாராளம். அங்கே கேட்க வேண்டியது சாம்பார் இட்லி. தட்டில் இட்லி முங்கும் அளவுக்குச் சாம்பார் வரும், குறைந்தால் மறுபடியும் வந்து ஊற்றுவார்கள். வந்தவுடன் பிய்க்காமல் இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். இட்லியின் நடுப்பகுதி வரை சாம்பார் இறங்கிய பிறகு ஸ்பூனால் வெட்டிச் சாப்பிட்டால்தான் அதன் ருசி. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காரம் தெரியாமல் இருக்க மேலே ஒரு ஸ்பூன் நெய் கேளுங்கள்.

பத்தரையை மாற்றவே முடியாது என்றால் சங்கீதா, சரவண பவன் மாதிரி கிளை பல உள்ள சைவ ஹோட்டல்கள்தான் சரி. டிபன் பகுதியும் சாப்பாட்டுப் பகுதியும் தனித்தனியாக ஓடுவதால் இடைவெளி தெரியாது. மினி டிபன் சொன்னால் ஒரே தட்டில் சின்னச் சின்ன அளவாக இட்லி, தோசை, பொங்கல், கேசரி என்று வரும். அதன் பிறகு பன்னிரண்டு மணிக்கு இரண்டு சாப்பாடு வாங்கி ஆறு பேரும் பகிர்ந்துகொண்டால் நீங்கள் நினைக்கிற ஒரே வேளை வந்துவிடுகிறது. சில கிளைகளில் மதியக் கூட்டத்தில் தோசை நிறுத்திவிடுவார்கள், ஆகவே தோசை வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குள் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்குக் காபி "வித்அவுட்" என்று சொன்னால் சர்க்கரை போடாமல் வரும். ஆனால் முதலில் மாத்திரையைப் பாருங்கள். சர்க்கரையைக் குறைக்கிற சில மாத்திரைகளும் இன்சுலினும் காலையில் எடுத்துக்கொண்டு பத்தரை வரை வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். ஞாயிறு சாப்பாடு தள்ளிப்போகிறது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு ஒரு இட்லியோ ரெண்டு பிஸ்கட்டோ கொடுத்துக் கூட்டிவருவதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பில்கணக்கு:

மாடவீதி டிபனைச் சொல்லிவிட்டார், நான் பஃபேயைச் சொல்கிறேன்.

ஸ்டார் ஹோட்டல்களில் "சண்டே பிரஞ்ச்" (brunch, காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்ந்த வேளை) என்று விளம்பரம் வரும், ஆனால் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குத்தான் கதவு திறக்கும். மூன்று, மூன்றரை வரை போகும். உண்மையில் அது நீண்ட மதியச் சாப்பாடு. பத்தரைக்கு அங்கே போனால் லாபியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேளச்சேரியிலிருந்து உங்களுக்குப் பக்கம் கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழா; அங்கே மெட்ராஸ் பெவிலியன். கடல் பார்த்த மாதிரி வேண்டுமென்றால் எம்.ஆர்.சி. நகர் லீலா பேலஸ். இரண்டுக்கும் அந்த வாரத்து நேரத்தையும் விலையையும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், மாதத்துக்கு மாதம் மாறும்.

போனில் ஐந்து கேள்வி: விலை வரியோடா, வரி தனியா? மது சேராத விலை எது? பிள்ளைகளுக்கு எந்த வயது வரை இலவசம், எதுவரை அரை விலை? சைவம் மட்டும் சாப்பிடுபவருக்குத் தனி விலை உண்டா? ஆப்பில் காட்டும் தள்ளுபடி ஞாயிறு பிரஞ்சுக்குச் செல்லுமா? கடைசிக் கேள்வியில்தான் பலர் சிக்குகிறார்கள். வார நாள் பஃபேக்குக் கொடுக்கும் சலுகையை ஞாயிற்றுக்குக் கொடுக்க மாட்டார்கள், பில் வந்த பிறகு வாதாடிப் பயனில்லை.

வரி: தனியாக இருக்கும் ரெஸ்டாரன்டில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்டில் 18 சதவீதம். ஒரு பேச்சுக்கு ஆளுக்கு 2,500 என்று வைத்துக்கொண்டால், வரி 450 சேர்த்து 2,950. ஆறு பேரில் 5 வயதுப் பிள்ளை இலவசம், 11 வயதுப் பிள்ளை அரை விலை என்றால் நாலரை பங்கு: 13,275 ரூபாய். விளம்பரத்தில் பார்த்த 2,500ஐ நாலரையால் பெருக்கி 11,250 என்று நினைத்துப் போனால் இரண்டாயிரம் ரூபாய் உதைக்கும்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், சண்டை தேவையில்லை. கவனிப்பு நன்றாக இருந்தால் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுங்கள்.

சாப்பிடும் முறையும் முக்கியம். தட்டை எடுக்கும் முன் ஒரு முழுச் சுற்று நடந்து பாருங்கள். எதிரே நின்று செய்து தருகிற கவுன்டர்கள் எவை என்று குறித்துக்கொண்டு, அங்கே முதலில் சொல்லிவிடுங்கள். முக்கால் மணி கழித்து வரிசை நீண்டுவிடும். வாசல் பக்கம் அடுக்கியிருக்கும் பிரெட், சூப், சாலட்டில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். மூடிபோட்ட பாத்திரத்தில் இருக்கும் நான் ரொட்டி, பொரித்த வகைகள் ஆவியில் நமுத்துப் போயிருக்கும். நானைத் தந்தூர் அடுப்பிலிருந்து நேராகக் கேட்டால் தருவார்கள்.

கடலுணவை இப்படிப் பாருங்கள்: ஐஸ் மேல் வைத்திருக்கும் இறாலின் அடியில் ஐஸ் நிஜமாகவே ஒட்டியிருக்க வேண்டும். உருகிய தண்ணீரில் மிதந்தால் தொடாதீர்கள். குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60 டிகிரிக்கு மேலே. நடுவில் இருக்கும் வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். மூடியைத் திறந்தால் ஆவி வராத குழம்பு அந்த நடுவில் இருக்கிறது என்று அர்த்தம்.

விஜயநகர்வாசி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்போ ஸ்டார் ஹோட்டல்லயே காலை பஃபேக்குப் போனா? அம்மாவுக்குப் பன்னண்டரை வரைக்கும் காத்திருக்கறது கஷ்டம்.

பில்கணக்கு:

உங்கள் கணக்குக்கு அதுதான் பொருந்தும், நானே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு காலை பஃபே பல இடங்களில் பத்தரை வரை, சில இடங்களில் பதினொன்று வரை. விலை பிரஞ்சைவிட நன்றாகவே குறைவு. தோசை, முட்டை இரண்டும் கண்ணெதிரே போட்டுத் தருவார்கள், பழம், தயிர், இட்லி, அவித்த காய் என்று அம்மாவுக்கும் தட்டு நிறையும். ஒன்பதரைக்கு உள்ளே போய்விடுங்கள். பத்தரைக்குக் கவுன்டரை எடுக்கத் தொடங்கினாலும் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்ப மாட்டார்கள். கவுன்டர் மூடும் முன் கடைசியாக ஒரு சுற்று எடுத்துவந்துவிட்டால் பதினொன்றரை வரை பேசிக்கொண்டே சாப்பிடலாம். வெளியாருக்குக் காலை பஃபே உண்டா என்று முந்தின நாளே கேளுங்கள், அறைகள் நிரம்பிய நாளில் வெளியிலிருந்து வருபவர்களை எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, காலண்டரில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். ஹோட்டலில் கல்யாணம் இருந்தால் வண்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கவே அரை மணி போய்விடும்.

மணிக்கூண்டு_ராயப்பேட்டை:

கஃபே பக்கத்தையும் பிரியாணிப் பக்கத்தையும் யாரும் தொடவில்லையே.

ஒயிட்ஸ் ரோடு அமெதிஸ்ட் நீங்கள் கேட்கிற நிதானத்துக்கு நல்ல இடம். தோட்டம், வராந்தா, மேலே உயரமான கூரை. ஞாயிறு பதினொன்றரைக்கு மேல் இடம் கிடைப்பது கடினம், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டுத் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். தோட்டத்து மேசை அழகுதான், மழைக்குப் பிந்தைய வாரங்களில் கொசு உண்டு. அம்மாவுக்கு விசிறிக்கு அடியில் கேளுங்கள்.

கஃபேக்களில் முட்டை சொல்லும்போது ஒரு விஷயம். எக் பெனடிக்ட் (ரொட்டி மேல் அரைவேக்காட்டு முட்டை) மேல் ஊற்றும் ஹாலண்டேஸ் சாஸ் மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்ந்தது. சூடு ஏறினால் திரிந்துவிடும், ஆறினால் வெண்ணெய் உறைந்துவிடும். அதனால் வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பில்கணக்கு சொன்ன அந்த ஆபத்தான நடுச்சூடு இதுதான். ஆர்டருக்குச் செய்கிற கஃபேயில் சாப்பிடுங்கள், பஃபேயில் ஊற்றி அடுக்கி வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நன்றாக வெந்த முட்டைதான். ஓ, அம்மா சைவம், பிள்ளைக்கு மட்டும் என்று படியுங்கள்.

ஞாயிறு அசைவத்துக்கு வருகிறேன். பாய் கடைகளில் பாயா, இடியாப்பம் காலை வேளைச் சாமான். ஆட்டுக்கால் ராத்திரி முழுக்க அல்லது விடியற்காலையிலிருந்து சிறு தீயில் வெந்தது, ஞாயிறு ஒன்பதரைக்கு மேல் அண்டாவில் மிஞ்சுவது அரிது. பிரியாணி இதற்கு நேர்மாறு: பதினொன்றரை, பன்னிரண்டுக்குத்தான் தம் உடைப்பார்கள். முதல் அண்டாவில் அரிசி உதிரியாகவும் கறி முழுசாகவும் இருக்கும். இரண்டு மணிக்கு மேல் அடி அண்டா, எண்ணெயும் மசாலாவும் கீழே தங்கிக் காரம் கூடுதல். பதினொரு மணிக்குக் கொடுத்தால் "இப்போ உடைச்சதா, நேத்து ராத்திரிதா?" என்று தாராளமாகக் கேட்கலாம். ஆறு பேரில் அம்மா போக ஐந்து பேர்தான் சாப்பிடுவீர்கள், அதில் இரண்டு பேர் பிள்ளைகள், மூன்று பிளேட் வாங்கிப் பிரித்தாலே போதும், தால்சாவும் கத்திரிக்காயும் கேட்டால் இன்னும் கொடுப்பார்கள்.

ஆகவே ஒரே இடம் என்று பிடிவாதம் வேண்டாம். ஒன்பது மணிக்கு ரத்னாவில் சாம்பார் இட்லி, நடுவே மெரினாவில் ஒரு சுற்று (வெயில் ஏறுவதற்குள்), பன்னிரண்டுக்கு அதே திருவல்லிக்கேணியில் அசைவக்காரர்களுக்குப் பிரியாணி பார்சல். ஆறு பேருக்குச் செலவு பஃபேயில் ஒருவருக்கு ஆகிற தொகையை ஒட்டித்தான் வரும்.

பறக்கும்ரயில்:

போக்குவரத்து மட்டும். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் திருமயிலை, திருவல்லிக்கேணி இரண்டுக்கும் நேராகப் போய் இறங்கலாம், பார்க்கிங் தொல்லை இல்லை. ஆனால் ஸ்டேஷன்கள் உயரத்தில் இருக்கின்றன. லிஃப்ட் ஓடவில்லை என்றால் முட்டிவலிக்காரருக்கு அந்தப் படிகள் ஆகாது. அம்மாவுக்கு மட்டும் கார் வையுங்கள். ஞாயிறு ரயில் இடைவெளி அதிகம், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். மயிலாப்பூரில் மெட்ரோ வேலையால் லஸ், கச்சேரி ரோடு பக்கம் பாதை அவ்வப்போது மாறுகிறது. காரில் போனால் கோயில் மாடவீதிக்குள் நுழைய முயலாதீர்கள், அம்மாவைக் கடை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள்.

மாடவீதி:

டிசம்பரில் கேட்டிருந்தால் என் பதிலே வேறு. மார்கழிக் கச்சேரி சீசனில் சபா கேன்டீன்கள் காலை டிபனிலிருந்து மதிய இலைச் சாப்பாடு வரை ஓடும், டிக்கெட் இல்லாமலும் பல சபாக்களில் கேன்டீனுக்குப் போகலாம். இந்த ஞாயிறுக்கு: அம்மாவை மையமாக வைத்தால் கிண்டியில் ஒன்பதரை மணி பஃபே, வேளச்சேரியிலிருந்து தூரமும் குறைவு. படி ஏறாமல் உள்ளே போக எந்த வாசல் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

விஜயநகர்வாசி:

கிண்டிக்கே போறோம். இன்னைக்கே போன் பண்றேன், அந்த அஞ்சு கேள்வியையும் எழுதி வச்சுக்கிட்டேன். திருவல்லிக்கேணி அடுத்த ஞாயிறு, அம்மாவுக்கு மட்டும் கார்.