புதுப்பிப்பு: எஸ்சிபி சிக்கல் தீர்ந்தது

லினக்ஸைப் புதுப்பித்த பிறகு, அலுவலகத்துப் பழைய நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கருவி) எஸ்சிபி (கணினிகளுக்கிடையே கோப்பு நகலெடுக்கும் கட்டளை) வழியாகக் கோப்பு அனுப்பினால் ‘சப்சிஸ்டம் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று நின்றுவிடுகிறது எனக் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. 2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 (எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான தொலை இணைப்புக்கான மென்பொருள், எஸ்சிபியும் இதில்தான் வருகிறது) முதல், எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற புதிய கோப்புப் பரிமாற்ற முறையைத்தான் பயன்படுத்துகிறது. பெட்டியில் அந்தச் சேவை அணைந்து கிடந்தது.

அவசரத்துக்கு, கட்டளையில் ஹைஃபனோடு பெரிய எழுத்து ‘ஓ’ (பூஜ்யம் அல்ல) சேர்த்தால் பழைய முறையில் உடனே போகும். ஆனால் அதையே வழக்கமாக்க வேண்டாம்: பழைய முறையில் கோப்புப் பெயரை மறுமுனையின் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) படிக்கும், பெயரில் இடைவெளியோ மேற்கோள்குறியோ இருந்தால் வம்புதான். பெட்டியிலேயே எஸ்எஃப்டிபியை இயக்கிவிட்டேன், இப்போது எல்லாம் சரி. அப்புறம், பெரிய கோப்புகளுக்கு எஸ்எஸ்எச் இணைப்பின் மேல் ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். ‘பார்ஷியல்’ விருப்பம் போட்டால் இணைப்பு அறுந்தாலும் வந்தவரை தங்கும்.