லேப்டாப்பில் சார்ட் ஓட்டுறவங்க, கடலில் கண்டதை இங்கே போடுங்க

தூத்தூர் ஸ்ராங்கு:

ஓபன்சிபிஎன் (லேப்டாப்ல சார்ட், அதாவது கடல் வரைபடம், காட்டுற புரோகிராம்), விண்டோஸ் 10, யுஎஸ்பி ஜிபிஎஸ். எல்லாருக்கும் தெரிஞ்ச செட்டப்தான், அதை விளக்கல. கர்சர் துள்ளினதைச் சொல்லணும்.

மினிக்காய்க்குத் தெற்கே, எட்டு டிகிரி கால்வாய்ப் பக்கம், ராத்திரி ரெண்டு மணி. லேப்டாப் திடீர்னு அணைஞ்சுது. ஜிபிஎஸ் சொருகினது சொருகினபடியே இருக்க, திரும்ப ஆன் பண்ணியாச்சு. சார்ட் திறந்ததும் கர்சர் தானா ஓடுது. மேல் மூலை, கீழ் மூலை, நடுவுல ரைட் கிளிக் மெனு தானாத் திறக்குது, தானா மூடுது. மவுஸ் மேல யார் கையும் இல்ல. அப்படித் திறந்த மெனுவுல ஒரு கிளிக் விழுந்து, தூண்டில் இறக்கின இடத்துக் குறி அழிஞ்சே போச்சு.

வைரஸ்னு பயப்படாதீங்க. ஜிபிஎஸ் வினாடிக்கு வினாடி காம் போர்ட் (விண்டோஸோட சீரியல் இணைப்பு) வழியா வரி அனுப்பிட்டே இருக்கும். விண்டோஸ் எழும்பும்போது அந்த வரிகளைப் பார்த்துட்டு, பழைய காலத்துச் சீரியல் மவுஸ்தான் சொருகியிருக்குன்னு எடுத்துக்குது. அப்புறம் அட்சரேகை எண் ஒவ்வொண்ணும் கர்சருக்கு ஒரு தள்ளு.

சரிபண்ண: ஜிபிஎஸ் சொருகியிருக்கும்போதே டிவைஸ் மேனேஜர் திறங்க. மவுஸ் பட்டியல்ல ‘மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்’னு ஒண்ணு இருக்கும். அதை டிசேபிள் பண்ணணும். அன்இன்ஸ்டால் பண்ணினா அடுத்த தடவை திரும்ப வந்து உக்காந்துக்கும். கர்சர் பிடிக்கவே விடலன்னா ஜிபிஎஸ்ஸைப் பிடுங்கிட்டு, விண்டோஸ் முழுசா எழும்பின பிறகு சொருகுங்க. நிரந்தரமா வேணும்னா ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸை வச்சிருக்கிற இடம்) சர்வீசஸ் கீழே ‘செர்மவுஸ்’ இருக்கு, அதுல ‘ஸ்டார்ட்’ மதிப்பு 3 இருக்கும், 4 ஆக்குங்க. இதைக் கரையில வச்சே முடிச்சிடுங்க. கடல்ல கர்சர் துள்ளும்போது ரெஜிஸ்ட்ரி திறக்கிறது நடக்காத காரியம்.

கொல்லங்கோடு வயர்மேன்:

ஸ்ராங்கு அண்ணே, மவுஸ் விஷயம் சரி. லேப்டாப் ஏன் அணைஞ்சுதுன்னு எழுதலையே? அது அணையாம இருந்திருந்தா கர்சர் துள்ளியிருக்காது.

போன சீசன்ல வயரிங்குக்கு வந்த ஒரு போட்ல பார்த்தது. ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்த்து 24 வோல்ட். லேப்டாப் சார்ஜர் 12 வோல்ட் ஆனதால, கீழ் பேட்டரியில மட்டும் வயர் எடுத்திருந்தாங்க. மேல் பேட்டரி மூடியைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம், தண்ணி பிளேட்டுக்குக் கீழே போயிருக்கு. கீழ் பேட்டரியில ஹைட்ரோமீட்டர் வச்சா 1150, அதாவது சார்ஜ் இறங்கிக் கிடக்கு. ரெண்டும் ஒரே நாள் வாங்கினது.

ஆல்டர்னேட்டருக்கு மொத்த வோல்ட் மட்டும்தான் தெரியும். 28 வந்தா நிறைஞ்சுதுன்னு நினைச்சுக்கும். உள்ளே கீழ் பேட்டரி 13-ல நிக்க, மேல் பேட்டரி 15-க்கு ஏறி வெந்துட்டு இருக்கும். ஒண்ணு பட்டினி, ஒண்ணுக்கு அஜீரணம். நடுவுல வயர் எடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்க. ரேடியோவுக்கும் இதே விதிதான்.

யாரும் கேக்கல, ஆனா இதை எழுதாம விட முடியாது. இன்வெர்ட்டர் போட்டு 230 ஆக்கி, அதுல லேப்டாப் சார்ஜரைச் சொருகி 19-க்கு இறக்குறது ரெண்டு தடவை நஷ்டம். இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி தாழும், இன்வெர்ட்டர் கத்திட்டு கட் ஆகும். நேரடி டிசி சார்ஜர் போடுங்க. ஆனா வாங்கும்போது ‘இன்புட் 12-24’னு அச்சடிச்சிருக்கான்னு லேபிளைப் பாருங்க. கார் சார்ஜர் பல 15 வோல்ட்டுக்கு மேல தாங்காது, 24 சிஸ்டம் ஓடும்போது 28 தாண்டும். டைப் சி-யில சார்ஜ் ஆகுற லேப்டாப்னா 65 வாட் பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் போதும், அதுலயும் 24 தாங்குமான்னு பாருங்க.

கணக்கு: லேப்டாப் சராசரி 45 வாட், நஷ்டம் சேர்த்து 50. 24 வோல்ட்ல ரெண்டு ஆம்பியர். இன்ஜின் நிறுத்தி ராத்திரி 12 மணி நேரம் கிடந்தா 25 ஆம்பியர் அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, அதனால இதுக்கு மட்டும் 50 ஆம்பியர் அவர் ஒதுக்கணும். லைட்டும் ரேடியோவும் தனி. வயர் 2.5 ஸ்கொயர் எம்எம், ஃபியூஸ் 5 ஆம்பியர். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். லேப்டாப் பக்கத்துல ஃபியூஸ் போட்டா நடுவுல உரசுற வயருக்குக் காவல் இல்ல.

கடைசியா, செத்த பேட்டரியோட லேப்டாப்பைக் கடலுக்குக் கொண்டு போகாதீங்க. அண்ணன் கேஸ்ல இதுதான் நடந்திருக்கும்னு என் கணிப்பு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிற அந்த ரெண்டு வினாடியை லேப்டாப்போட சொந்த பேட்டரிதான் தாங்கணும்.

குளச்சல் பார்தேடி:

கரன்டை விடுங்க, எண்ணுக்கு வாங்க.

பார் (மீன் கூடுற கடலடிப் பாறை) இருக்கிற இடம்னு எண் போட்டு வந்தாச்சு. குறி மேலயே படகு நிக்குது, திரையில ரெண்டும் ஒட்டி இருக்கு. ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர்ல கடலடி தட்டையாப் போகுது. சேறு. பார் ஏறுற மேடு கொஞ்சமும் காணோம். ஒரு மணி நேரம் சுத்தியும் இல்ல. ஜிபிஎஸ் கெட்டுப்போச்சுன்னு படகுல சண்டை.

ஜிபிஎஸ் கெடல. இன்காய்ஸ் (மத்திய அரசோட கடல் தகவல் மையம்) மீன் வள அறிவிப்புல எண் டிகிரி, நிமிஷம், செகண்டுல வரும். உதாரணத்துக்கு 8 டிகிரி 02 நிமிஷம் 50 செகண்ட்னு வைங்க. ஓபன்சிபிஎன் டிகிரி, தசம நிமிஷத்துல இருக்கும்போது அதை 8 02.50னு போட்டுட்டாங்க. 50 செகண்ட்னா நிமிஷத்துல 0.833. போட்டது 0.50. வித்தியாசம் 0.333 நிமிஷம். அட்சரேகையில ஒரு நிமிஷம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். அப்போ 617 மீட்டர் தெற்கே தள்ளி நிக்கிறாங்க. தீர்க்கரேகையிலயும் இதே தப்பு விழுந்தா கோணமா 850 மீட்டருக்கு மேல. பார் 200 மீட்டர் அகலம்னா எங்கே கிடைக்கும்?

இதே இடம் வாட்ஸ்அப்ல மேப் வழியா வந்தா 8.0472னு வரும். மூணும் ஒரே இடம்தான்: 8 02 50, 8 02.833, 8.0472. ஓபன்சிபிஎன் ஆப்ஷன்ஸ்ல டிஸ்ப்ளே, அதுக்குள்ள யூனிட்ஸ் போனா மூணு முறையும் இருக்கு. எண் எந்த முறையில வந்துதோ அந்த முறைக்கு மாத்திட்டுப் போடுங்க, போட்ட பிறகு திருப்பி உங்க முறைக்கு மாத்துங்க. மனக்கணக்கு வேண்டாம்.

இன்னொண்ணு, பழைய இந்திய காகிதச் சார்ட்ல எவரெஸ்ட் அளவைக் கணக்கு இருக்கும், ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84. திருத்தாம எடுத்துப் போட்டா நம்ம கரையில நூறு மீட்டருக்கு மேல தள்ளும். சார்ட் ஓரத்துல டேட்டம், அதாவது எந்த அளவைக் கணக்குன்னு எழுதியிருக்கும், படிச்சுட்டுப் போடுங்க. அப்பாமார் கணிச்சம் வச்சு ரெண்டு மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்த இடத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனா கரை மறையுற தூரத்துக்குப் போனா எண்ணை விட்டா வழியில்ல.

தூத்தூர் ஸ்ராங்கு:

வயர்மேன் தம்பி, கணிப்பு சரிதான். பேட்டரி செத்த லேப்டாப், ஸ்டார்ட் அடிச்ச நேரம்.

பார்தேடி சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். புள்ளிக்கு அப்புறம் 60-க்கு மேல எண் இருந்தா அது செகண்ட் இல்லன்னு கண்ணுல படும். 59 வரைக்கும் எண்ணு காட்டியே கொடுக்காது. அதனால எண் அனுப்புறவங்க கூடவே ‘செகண்ட்’ இல்ல ‘தசமம்’னு ஒரு சொல் எழுதுங்க.

இரயுமன்துறை:

யாரும் சொல்லாதது: படகு ஓடுது, திரையில நிக்குது.

ஏழு நாட் (மணிக்கு ஏழு கடல் மைல்) வேகத்துல போயிட்டு இருக்கு. திரையில படகு அசையல. இருபது நிமிஷம் யாரும் கவனிக்கல. ஜிபிஎஸ் போனா ஓபன்சிபிஎன் படகு சாம்பல் நிறமா மாறும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா ராத்திரி கண் கூசாம இருக்க திரை மேல சிவப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. அது வழியாப் பார்த்தா சிவப்புப் படகும் சாம்பல் படகும் ஒரே நிறம்.

இருபது நிமிஷத்துக்கு ரெண்டேகால் மைலுக்கு மேல. ஆழ்கடல்ல பரவால்ல. முட்டம் பக்கம் கரை ஒட்டி வரும்போது அப்படி ஆனா?

ஜிபிஎஸ்ஸை விண்டோஸ் தூங்க வச்சிருக்கு. பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, யுஎஸ்பி செட்டிங்ஸ், ‘செலக்டிவ் சஸ்பெண்ட்’ டிசேபிள். அதோட டிவைஸ் மேனேஜர்ல ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்ல கரன்ட் மிச்சப்படுத்த அணைக்கலாம்ங்கிற டிக்கை எடுங்க. மூடியை மூடினா ஒண்ணும் செய்யாதேன்னும் வைங்க. ஃபிலிம் வேண்டாம், ஓபன்சிபிஎன்லயே ராத்திரி நிறம் இருக்கு, அதோட திரை வெளிச்சத்தைக் குறைச்சா போதும்.

போர்ட் மாத்திச் சொருகினா காம் 3 இருந்தது காம் 5 ஆயிடும், அப்பவும் படகு நிக்கும். ஒரே போர்ட்டுக்கு பெயின்ட் வச்சு அடையாளம் போடுங்க. ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும், அதனால ஜிபிஎஸ் சோதிக்கிற புரோகிராமை மூடிட்டு ஓபன்சிபிஎன் திறக்கணும்.

பூவார்முனை:

வயர்மேன் சொன்ன டிசி சார்ஜர் விஷயத்துல பெரிய ஓட்டை இருக்கு. விழிஞ்சத்துல பெரிய கப்பல் வரத்து கூடின பிறகு இங்கே நிறைய பேர் ஏஐஎஸ் ரிசீவர் (கப்பல்கள் தங்க இடத்தை ரேடியோவுல அனுப்புறதைப் பிடிக்கிற கருவி) வாங்கி லேப்டாப்ல மாட்டுறாங்க. ஒரு போட்ல திரை நிறைய கப்பல். லேப்டாப் சார்ஜரை ஆன் பண்ணினதும் தூரத்துக் கப்பல் ஒண்ணொண்ணா மறையுது. பத்து நிமிஷத்துல பக்கத்துல நங்கூரம் போட்டது ரெண்டு மட்டும் மிச்சம். சார்ஜரைப் பிடுங்கினா திரும்ப எல்லாம் வருது.

மலிவான சார்ஜர் இரைச்சல் கக்குது, அது ஏஐஎஸ் ஓடுற 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழுது. 18 நாட் வேகத்துல வர்ற கப்பல் அரை நிமிஷத்துல 278 மீட்டர் கடக்கும். திரை காலியா இருந்தா கடல் காலின்னு நினைச்சுடுவோம்.

சோதிக்கிறது சுலபம். விஎச்எஃப் ரேடியோவை சேனல் 16-ல வச்சு ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்குற திருகு) திறந்து விடுங்க. சார்ஜர், எல்இடி லைட், பம்ப், ஒவ்வொண்ணா ஆன் பண்ணுங்க. எதுல இரைச்சல் மாறுதோ அதுதான் ஆள். எல்இடி டிரைவரும் இதே வேலை செய்யும். சார்ஜரை ஆன்டெனா கேபிள்ல இருந்து ஒரு மீட்டராவது தள்ளுங்க, ரெண்டு முனையிலயும் ஃபெரைட் (இரைச்சலை உறிஞ்சுற வளையம்) மாட்டி வயரை மூணு சுத்து சுத்துங்க. அடங்கலன்னா சார்ஜரை மாத்துங்க.

ரிசீவர் மாட்டியும் ஒரு கப்பல்கூட வரலன்னா பாட் ரேட் (காம் போர்ட்ல தகவல் வர்ற வேகம்) பாருங்க. சீரியல் ஜிபிஎஸ் 4800, ஏஐஎஸ் 38400. ஒரு விஷயம் மறக்காதீங்க: நம்ம ஃபைபர் வள்ளத்துல பெரும்பாலும் ஏஐஎஸ் அனுப்புற கருவி கிடையாது. விழிஞ்சத்துக்கும் பூவாருக்கும் நடுவுல ராத்திரி நூறு வள்ளம் கிடந்தாலும் திரையில ஒண்ணும் தெரியாமப் போகலாம்.

கொல்லங்கோடு வயர்மேன்:

பூவார் அண்ணே, ஒத்துக்கிறேன். சார்ஜர் வாங்கும்போது இதைச் சோதிக்கணும்னு சொல்லாம விட்டது தப்பு. ஆனா இன்வெர்ட்டர் இதைவிட மோசமா இரையும், அதுக்குத் திரும்பிப் போக இது காரணம் ஆகாது.

வள்ளவிளை:

ஒரே வரி. லேப்டாப்பை காம்பஸ் பலகையில வைக்காதீங்க.

ஸ்பீக்கர்லயும் மூடியிலயும் காந்தம் இருக்கு. மூடியைத் திறந்து மூடினப்போ காம்பஸ் கார்டு எட்டு டிகிரி நகர்ந்ததை நாலு பேர் நின்னு பார்த்தோம். ஒரு டிகிரிக்கு 60 மைல்ல ஒரு மைல் விலகும், எட்டுக்குக் கணக்கு போட்டுக்கோங்க. லேப்டாப் செத்து, அதை எடுத்து வச்சுட்டு காம்பஸ் மட்டும் வச்சு வரும்போது அந்தப் பிழையும் காணாமப் போயிடும், அப்போ பழகின எண் ஒண்ணும் பொருந்தாது. ஒரு மீட்டர் தள்ளி வச்சு, மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, கார்டு அசையலன்னா அங்கே ஆணி அடிங்க.

தூத்தூர் ஸ்ராங்கு:

செர்மவுஸ் 4 போட்டாச்சு, பேட்டரியும் மாத்தியாச்சு. ஒரு கேள்வி. ஸ்பேரா வச்சிருக்கிற பழைய கையடக்க ஜிபிஎஸ் மாட்டினா இடம் சரியா வருது, தேதி மட்டும் இருபது வருஷம் பின்னாடி காட்டுது. நம்பலாமா?

குளச்சல் பார்தேடி:

நம்பலாம் ஸ்ராங்கு. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 ஆனதும் சுழியத்துக்குத் திரும்பும், 19.6 வருஷத்துக்கு ஒரு தடவை. கடைசியா 6 ஏப்ரல் 2019. பழைய மென்பொருள் அதைத் தாண்டத் தெரியாம பின்னாடி நிக்குது, இடக் கணக்குக்குப் பாதிப்பு இல்ல. டிராக் சேமிக்கும்போது மட்டும் தேதி தப்பா விழும், அதனால கோப்புக்குப் பெயர் வைக்கும்போது சரியான தேதியைக் கையால எழுதிடுங்க.